எம் போட்ட பெயர்கள்

பி.காம். முடித்த கையோடு மதுரையில் ஒரு டேட்டா என்ட்ரி ஆபீசில் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. மேலூருக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊரிலிருந்து காலை ஏழே கால் பஸ்ஸில் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்குவேன். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அண்ணா நகர். ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று முதலாளி நம்பினார்.

அவர் முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். மெஷின்களை விற்றுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். எங்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணிய பெண்கள்தான். வேகமாக அடிப்போம். அடிப்பது என்ன என்று கேட்க மாட்டோம். அப்படித்தான் எங்களைப் பழக்கியிருந்தார். அந்த நாளில் அதை நான் ஒரு திறமை என்றே நினைத்தேன்.

என் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தவர்கள். அம்மா நாற்று நடப் போவாள். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் பெண் நான். யார் கேட்டாலும் அம்மா, "வெளிநாட்டு வேலை பாக்குறா" என்பாள். கேட்பவர்கள் அமெரிக்கா என்று எண்ணிக்கொள்வார்கள். நானும் திருத்தியதில்லை.

வேலை வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து. கிழக்குக் கரையோரம் இருக்கிற ஒரு நாடு. முதல் நாள் முதலாளி எங்களை நிற்க வைத்து அதைச் சொன்னபோது பின்வரிசையில் ஒருத்தி, "அங்க கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கா சார்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அந்த நாட்டு அரசாங்கம் தன் சுகாதார நிலையங்களில் இருக்கும் காசநோய்ப் பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற விரும்பியது. அங்கே தலைநகரில் ஒரு கம்பெனி அந்த வேலையை எடுத்து, பக்கங்களை ஸ்கேன் செய்து எங்களுக்கு அனுப்பியது. முதலில் சிடிக்களாகக் கூரியரில் வந்தன. பிறகு நெட்டிலேயே வர ஆரம்பித்தன. திரையின் மேல் பாதியில் பதிவேட்டின் படம் தெரியும். கீழ்ப் பாதியில் காலியான கட்டங்கள். மேலே கையெழுத்தில் இருப்பதைப் பார்த்துக் கீழே அடிக்க வேண்டும். பதிவு எண், பெயர், வயது, ஊர், சிகிச்சை தொடங்கிய மாதம், கடைசியில் நிலவரம் என்று ஒரு கட்டம்.

ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிடும். எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே மட்டும் சிவப்பாகக் காட்டும். அதைச் சூப்பர்வைசர் பார்த்துத் தீர்ப்பார். வித்தியாசம் இல்லையென்றால் சரி என்று பொருள்.

எனக்கு ஜோடியாக அமைந்தது ஒரு அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். மகாலுக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். கணவர் சேலைக்கடையில் இருந்தார். எப்பேர்ப்பட்ட கிறுக்கல் கையெழுத்தையும் அக்கா வாசித்துவிடுவார். அந்த நாட்டுப் பெயர்கள் எங்கள் இருவருக்குமே வாயில் நுழையாது. ஆனால் நான்காவது மாதத்திலேயே அங்கே எது ஆண் பெயர், எது பெண் பெயர், எந்தப் பெயர் மலைப் பக்கத்தது, எது கடற்கரையோரத்தது என்று அக்கா சொல்ல ஆரம்பித்தார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் தூக்குச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, கேட்காமலே எடுத்துச் சாப்பிடுவார். எங்கள் ஊரில் மற்ற தெருக்காரர்கள் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அதனாலேயே அவர் மேல் எனக்கு உயிர்.

ஒவ்வொரு மேசையிலும் குறிப்புத் தாள் ஒன்று பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருக்கும். அந்த நாட்டுக் கம்பெனி அனுப்பியது. நிலவரக் கட்டத்தில் எம் என்ற எழுத்து இருந்தால் நோயாளி இறந்துவிட்டார் என்று அர்த்தம். சி இருந்தால் சிகிச்சை முடிந்தது. காலியாக இருந்தால் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எம் என்பது அவர்கள் மொழியில் 'காலமானவர்' என்பதற்கான சொல்லின் முதல் எழுத்து. ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து பெயர் என்றால் அதில் இரண்டோ மூன்றோ எம் வரும். முதல் வாரத்தில் ஒவ்வொரு எம் அடிக்கும்போதும் விரல் தயங்கியது. அப்புறம் பழகிவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், புதிதாக ஒரு மாவட்டத்தின் பக்கங்கள் வந்தன. மலை மாவட்டம் என்று அக்கா பெயர்களை வைத்தே சொன்னார். இரண்டு சுகாதார நிலையங்கள். முதல் பக்கத்தைத் திறந்து அடித்துக்கொண்டே போனேன். எம், எம், எம். அந்தப் பக்கத்தில் ஒருவர் பாக்கியில்லை. அடுத்த பக்கமும் அப்படியே. இடையில் எங்கேயோ ஒரு காலிக் கட்டம், மறுபடியும் எம். எட்டு வயதுப் பிள்ளைக்கு எம். அதே ஊர், அதே குடும்பப் பெயர் கொண்ட நான்கு பேருக்கு வரிசையாக எம்.

நான் எழுந்து போய்ச் சூப்பர்வைசரிடம் சொன்னேன். "அண்ணே, ஒரு பக்கம் பூராவும் எம் போட்டுருக்குண்ணே. அம்புட்டுப் பேருமா செத்துருப்பாங்க?"

அவர் வந்து குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு நிமிர்ந்து, "அந்தப் பக்கமெல்லாம் அப்படித்தாம்மா. பேப்பர்ல போடுறான்ல. நீ பாத்தத அடி. யோசிச்சு அடிச்சா ஸ்பீடு போயிரும்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. சொன்னதை நம்பித்தான் சொன்னார். நானும் நம்பினேன். திரும்பி வந்து உட்கார்ந்து அடித்தேன். அதே பக்கத்தை அக்காவும் தன் திரையில் அடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை அடித்தோம். எம் போட்டவர்கள் முந்நூறு பேருக்கு மேல் இருக்கும்.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன், மலைமேல் ஒரு ஊரில் ஒருத்தர்கூட மிஞ்சவில்லை என்று. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "பச்சப்புள்ளைகளுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா சனிக்கிழமை கோயிலில் அந்த முகம் தெரியாத சனங்களுக்காக ஒரு விளக்குப் போட்டதாகச் சொன்னார். எங்களுக்கு இரக்கம் இருந்தது. அதை ஒருநாளும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரக்கத்துக்குள்ளே என்ன இருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த மாவட்டத்து வேலையில் கம்ப்யூட்டர் ஒரே ஒரு சிவப்புக்கூடக் காட்டவில்லை. ஆபீஸ் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்ததே கிடையாது. முதலாளி எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்து, என்னையும் அக்காவையும் முன்னால் நிற்க வைத்துக் கை தட்டச் சொன்னார்.

தை கழிந்து மாசியும் பாதி போன ஒரு காலையில் முதலாளி எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. முதலாளி கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, அந்த நாட்டுக் கம்பெனியிலிருந்து வந்திருந்த மெயிலை மெதுவாகத் தமிழில் சொன்னார்.

அந்த மலை மாவட்டத்து நர்சுகள் இருவரும் தங்கள் பதிவேட்டில் வேறு வழக்கம் வைத்திருந்தார்கள். நோயாளி நேரில் வந்து மருந்து வாங்கினால், ஆள் நலமாக இருக்கிறார் என்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லின் முதல் எழுத்தைப் போடுவார்கள். அந்தச் சொல்லும் எம்மில்தான் தொடங்கும். நாங்கள் செத்தவர்கள் என்று அடித்த அத்தனை பேரும் உயிரோடு இருப்பவர்கள்.

நான் முட்டாள்தனமாக, "அப்ப சந்தோஷம்தான சார்" என்றேன்.

முதலாளி என்னைப் பார்க்காமலே மிச்சத்தையும் சொன்னார். எங்கள் பட்டியலை வைத்துத்தான் அந்த நாட்டு மருந்துக் கிடங்கு ஒவ்வொரு நிலையத்துக்கும் எத்தனை பெட்டி மாத்திரை அனுப்புவது என்று முடிவு செய்கிறது. கம்ப்யூட்டர் கணக்கில் அங்கே நோயாளிகள் கிட்டத்தட்ட யாருமே இல்லை. அதனால் இரண்டு மாதமாக மருந்து சரியாகப் போகவில்லை. வந்து சேர்ந்த கொஞ்சத்தை நர்சுகள் எல்லோருக்குமாகப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

காசநோய் மாத்திரையை நடுவில் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் சின்ன மாமா கல் குவாரியில் வேலை பார்த்து, மாத்திரையைப் பாதியில் விட்டுத்தான் போனார்.

என் இடத்துக்குத் திரும்பி அந்தப் பக்கங்களைத் திறந்தேன். திறந்து என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமலே திறந்தேன். பக்கத்தின் அகலம் திரையைவிடப் பெரியது. நாங்கள் அடிக்க வேண்டிய கட்டங்கள் மட்டும் தெரிகிற மாதிரி அமைத்திருந்தார்கள். அதற்கு வலது பக்கம் என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்றால் அம்புக்குறிப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்தினால் போதும்.

அழுத்தினேன். படம் நகர்ந்தது. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் மாதத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை. மருந்து வாங்கிக்கொண்டதற்கு அடையாளம். அந்த எட்டு வயதுப் பிள்ளையின் ரேகை மற்றவர்களுடையதில் பாதிதான் இருந்தது. நான் எம் அடித்த மாதம் வரைக்கும் ரேகை இருந்தது. செத்தவர்கள் யாரும் வந்து விரல் வைக்க மாட்டார்கள்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, "இது நம்ம மேலூர் ஆஸ்பத்திரி நோட்டா இருந்தா, இம்புட்டுப் பேரு செத்துட்டாங்கன்னு நம்பியிருப்பமா பாப்பா?" என்று கேட்டார்.

நம்பியிருக்க மாட்டேன். பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். யார் என்ன சொன்னாலும் விட்டிருக்க மாட்டேன். தூரத்து ஊர், பேப்பரில் படித்த ஊர், அங்கே எல்லோரும் சாவார்கள் என்று எனக்குள்ளே ஏற்கெனவே யாரோ எழுதி வைத்திருந்தார்கள். நான் குறிப்புத் தாளைப் பார்த்து அடித்தேன் என்பது பாதி உண்மைதான்.

அடுத்த மூன்று நாள் வேறு எந்த வேலையும் ஓடவில்லை. முதலாளி யாரையும் திட்டவில்லை, அந்தக் கம்பெனி அனுப்பிய குறிப்புத் தாளையும் குறை சொல்லவில்லை. அந்த மாவட்டத்தை முழுவதும் திருப்பி அடிப்போம், அவர்கள் கேட்பதற்கு முன்னால் செய்து அனுப்புவோம் என்றார். நானும் அக்காவும் ஒவ்வொரு பெயரையும் ரேகையோடு ஒப்பிட்டுக் குறித்தோம். அதை உறுதி செய்ய அந்த மாவட்டத்துச் சுகாதார அலுவலகத்தில் பதிவேடு பார்க்கிற ஒரு பெண்ணோடு நெட் போனில் பேச ஏற்பாடானது. அதற்காக அவள் அந்த நிலையங்களுக்கே போய் நர்சுகளோடு உட்கார்ந்திருந்தாள். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். எங்களுக்கு மதியச் சாப்பாடு முடிகிற வேளையில் அவளுக்குக் காலை வேலை சூடு பிடித்திருக்கும்.

என்னைத்தான் பேசச் சொன்னார்கள். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவள் குரல் கொஞ்சம் தாமதித்து, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. அவளுடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலத்தான். யோசித்து, ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசினாள். என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டாள். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவள், எண்ணைச் சொல்லுங்கள் என்றாள்.

நான் எண்ணையும் பெயரையும் வாசிப்பேன். அவள் என் உச்சரிப்பைத் திருத்துவாள். பக்கத்தில் இருக்கிற நர்சிடம் கேட்டுவிட்டு, "இருக்கிறார்" என்பாள். நான் எம்மை அழிப்பேன். "இருக்கிறார்." அழிப்பேன். "இருக்கிறாள், நேற்றுக்கூட வந்தாள்." அழிப்பேன். அந்தச் சொல்லைக் கேட்கக் கேட்க எனக்கு மூச்சு வந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் எண் வந்தபோது அவள் லேசாகச் சிரித்து, "அவன் வெளியே மாமரத்தில் ஏறியிருக்கிறான்" என்றாள். அக்காவுக்கு அதைச் சொன்னதும் அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

இரண்டாவது நாள் நூற்றுப் பதினான்காம் எண்ணை வாசித்தேன். ஒரு ஆண். நாற்பத்தொரு வயது. கடைசி மாதம் வரை ரேகை இருந்தது. அழிப்பதற்கு விரலைத் தயாராக வைத்திருந்தேன்.

அந்தப் பக்கம் அவள் நர்சிடம் ஏதோ திரும்பக் கேட்பது காதில் விழுந்தது. பிறகு அவள், "அதை மாற்ற வேண்டாம் சிஸ்டர்" என்றாள்.

"ரேகை இருக்கிறதே" என்றேன்.

"அப்போது இருந்தார். போன வாரம் இறந்துவிட்டார்."

என் விரல் அந்தப் பட்டன்மேல் அப்படியே இருந்தது. மருந்து வராததாலா என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அவள் நிதானமாகச் சொன்னாள். "எனக்குத் தெரியாது. அவருக்கு நோய் அதிகம். மாத்திரை பாதிதான் கிடைத்தது. எதனால் என்று நான் சொல்ல முடியாது. அடுத்த எண்?"

அந்தப் பட்டியலில் அப்படி மாற்ற வேண்டாத எண்கள் மூன்று வந்தன. மூன்றாவது ஒரு பெண், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மூன்று பேருக்கும் ஐப்பசியில் நான் அடித்த எம் மாசியில் சரியாகிப்போயிருந்தது. அந்த மூன்றையும் நான் தொட வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் கடைசி எண்ணும் முடிந்ததும் அவளுக்கு நன்றி சொன்னேன். அவள் உடனே வைக்கவில்லை. "நீங்கள் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்" என்றாள். இந்தியா, தெற்கே மதுரை என்று சொன்னேன். அங்கே காசநோய் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். என் மாமாவைப் பற்றியும் சொன்னேன். அவள், "அப்படியென்றால் ஒரு ஊரே ஒன்றாகச் சாகாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே" என்றாள். அவள் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். கீழே பாத்திரக் கடையில் யாரோ ஒரு குடத்தைத் தட்டித் தட்டிச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் அம்மாவிடம் அவர்கள் சாகவில்லை, எழுத்துத் தப்பு என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்துபோய், "சாமி காப்பாத்துச்சு" என்று கை எடுத்துக் கும்பிட்டாள். மூன்று பேரைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

திருத்திய பட்டியல் போய்ச் சேர்ந்த மறுவாரமே மருந்துப் பெட்டிகள் கிளம்பிவிட்டதாக மெயில் வந்தது. நாங்கள் கேட்ட பிறகு குறிப்புத் தாளையும் மாற்றினார்கள். ஆனால் அந்த வருடம் முடிவதற்குள் வேலை எங்களை விட்டுப் போய்விட்டது. தலைநகரத்துக் கம்பெனி அங்கேயே முப்பது பெண்களைச் சேர்த்து டைப்பிங் சொல்லிக்கொடுத்து, மிச்சத்தை அவர்களை வைத்தே முடிப்பதாக எழுதியிருந்தது. அவர்களுக்கு அந்த மொழி தெரியும். அந்த மெயிலைப் படித்துச் சொன்னபோது முதலாளி வருத்தமாக இருந்தார், சூப்பர்வைசர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஏனென்றால் எங்களில் ஒன்பது பேருக்கு அடுத்த மாதம் வேலை இல்லை.

அந்த ஒன்பது பேரில் அக்கா இல்லை, ஆனால் அவராகவே நின்றுவிட்டார். பெயர் வருகிற எதையும் இனிமேல் அடிக்க முடியாது என்றார். கீழவாசல் பக்கம் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வேலைக்குப் போனார். அதிலும் பெயர்தானே அக்கா என்று நான் கேட்டதற்கு, "அது வேற. வீட்டுக்காரங்க எதுக்கால உக்காந்து எழுத்து எழுத்தாப் பாத்துச் சொல்லுவாங்க" என்றார்.

நான் அங்கேயே இருந்தேன். அடுத்த வருடம் முதலாளி தென்கிழக்கு ஆசியாவில் ஒரு தீவு நாட்டிலிருந்து பள்ளிக்கூடப் பதிவேடு வேலை பிடித்து வந்தார். அப்போது என்னையும் சூப்பர்வைசராக்கியிருந்தார். முதல் பக்கங்கள் வந்த அன்று நான் யாரையும் அடிக்க விடவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அங்கே எழுதுகிறவர்களிடமே கேட்டு அனுப்பச் சொல்லி மெயில் போட்டேன். முழுப் பக்கமும் திரையில் தெரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கவும் கேட்டேன். பதில் வரப் பதினோரு நாள் ஆனது. பதினோரு நாளும் எங்கள் பெண்கள் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி இரண்டு தரம் என் மேசைக்கு வந்து நின்று, சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பன்னிரண்டாம் நாள் காலை பதில் வந்தது. பிள்ளை படிக்கிறதா, நின்றுவிட்டதா என்கிற கட்டத்தைத்தான் நான் சந்தேகப்பட்டிருந்தேன்; அதில் தப்பு ஒன்றும் இல்லை. வேறு ஒரு கட்டத்தில், நான் சந்தேகமே படாத ஒரு எழுத்துக்கு, நான்கு பள்ளிக்கூடங்களில் நான்கு அர்த்தம் இருந்தது.